குரங்குமன்று, எலியுமன்று

தேவாங்கைக் குட்டிக் குரங்கு என்கிறோம்; முள்ளெலியை எலி என்கிறோம். விலங்கியலார் இரண்டையும் மறுப்பர். தேவாங்கு, குரங்குகளைவிட மடகாஸ்கரின் லெமூர்களுக்கே நெருங்கிய உறவு. முள்ளெலியோ கொறிக்கும் விலங்கே அன்று, மூஞ்சூற்றின் சுற்றம். தமிழ் வழக்கு உருவம் கண்டு பெயரிட்டது. அதில் குறைகாண ஏதுமில்லை. எலியின் இளமைப் பெயராகக் 'குட்டி'யைச் சொல்லும் தொல்காப்பிய மரபியல், மரக்கிளையில் வாழும் குரங்குக்கும் அதே பெயரை வழங்குகிறது.

உறவில் தொலைவானாலும் வாழ்க்கையில் இவை அண்டைவீட்டார். இரண்டும் இரவில் உலவுபவை. இரண்டுக்கும் பூச்சிகளே முதன்மை உணவு. தேவாங்கின் எடை கால் கிலோவை ஒட்டியது. முள்ளெலியும் உள்ளங்கையில் அடங்கும். ஆபத்து வந்தால் இரண்டுமே ஓடுவதில்லை. தேவாங்கு கிளையைப் பற்றியபடி அசைவற்று உறைகிறது. முள்ளெலி பந்தாகச் சுருள்கிறது. நரிக்கும் ஆந்தைக்கும் எதிராகக் காலங்காலமாய்ப் பலித்த இவ்வுத்தி மனிதக் கையிடம் தோற்றது. அசையாததைப் பறிப்பது எளிது. சுருண்டதைச் சாக்கில் போடுவது அதனினும் எளிது. சாலையில் சுருண்ட முள்ளெலிக்கு லாரிச் சக்கரம் நரியன்று.

பெயரும் விதியை எழுதுகிறது. மெலிந்தவனை ஏச 'தேவாங்கு' என்ற சொல் வேண்டியிருந்தது. மாந்திரீகத்துக்கு அதன் கண்கள் வேண்டியிருந்தன. முள்ளெலியின் முள் இருமலுக்கு மருந்தென்று நம்பப்பட்டது. விஸ்வநத்தத்திலிருந்து வரும் என் மாணவர்களில் சிலர் அதை அந்த மருந்தாக மட்டுமே கேள்விப்பட்டிருக்கிறார்கள், உயிருள்ள விலங்காக அன்று.

2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அது. தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் முள்ளெலி 1851இலேயே அறிவியல் பெயர் பெற்றும், பின்தங்கியே நின்றது. 2025இல்தான் தமிழக அரசின் ஒரு கோடி ரூபாய்த் திட்டமொன்றில், சிங்கவால் குரங்கோடு சேர்ந்து அதற்கும் இடம் கிடைத்தது. முட்காட்டை நாம் 'தரிசு' என்று எழுதிவைத்திருப்பதும் இத்தாமதத்துக்கு ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

விஸ்வநத்தத்தாருக்கு வெற்றுநிலத்தின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் ஓர் அறை வெடித்தால் அடுத்த அறையைக் காப்பது இடையில் விட்ட நிலமே. அங்கே மருந்து என்றால் வெடிமருந்து. அதனிடமிருந்து உயிர்காப்பது தொலைவு. ஓடத் தெரியாத இவ்விரு உயிர்களும் நம்மிடம் வேண்டுவதும் அந்த இடைவெளியைத்தான்.