வீட்டுக்குள் ஏறிய நிறை

"நான் சாப்பிடுவது கொஞ்சந்தான், ஆனாலும் உடம்பு இறங்குதில்லையே" என்று சலித்துக்கொள்ளும் சகோதரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் சலிப்பில் பொய் இல்லை. நாம் மூன்று வேளைச் சோற்றைத்தான் கணக்கில் எடுக்கிறோம். வேளைக்கு வெளியே குடிப்பதும் கொறிப்பதும் நடப்பதும் கணக்கில் சேர்வதில்லை. இதை எனக்கு நன்றாக விளங்க வைத்தது 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலம்.

ராகலையில் எங்கள் வீடு கடைத்தெருவுக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. என் வாப்பாவுக்கும் அவருடைய உம்மாவுக்கும் சீனி வியாதி இருந்தது. 2019இல் எனக்கும் இரத்தத்தில் சீனி எல்லையை நெருங்கிவிட்டதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். அப்போது என் நிறை 76 கிலோ. ஐந்து கிலோ குறைத்தாலே பெரிய பலன் உண்டு என்றார் டாக்டர். அவர் சும்மா சொல்லவில்லை. சீனி வியாதியின் விளிம்பில் நின்றவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றில், உடல் நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இரண்டு இலக்குகளோடு முயன்றவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்திருந்தது.

பத்து மாதத்தில் 71 கிலோவுக்கு இறங்கினேன். அதற்காக நான் ஓடவுமில்லை, பட்டினி கிடக்கவுமில்லை. பேரப்பிள்ளையை மத்ரஸாவுக்குக் கூட்டிப்போய் வருவேன். மரக்கறிக்கு நானே சந்தைக்கு இறங்குவேன். திரும்பும்போது பையோடு மேடேற வேண்டும். தேத்தண்ணீர் நாளைக்கு இரண்டு கோப்பையோடு நின்றது.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மத்ரஸா இல்லை, சந்தை இல்லை, மேடும் இல்லை. பகலில் ஊரடங்கு தளர்ந்த நாட்களிலும் எங்கள் தெருவில் கடைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தாம். பெண்களும் வயதானவர்களும் உள்ளேயே இருந்துவிட்டோம். கோதுமை மா, சீனி, பருப்பு என்று கெடாத சாமான்களை மூட்டையாக வாங்கி வைத்திருந்தோம். இருப்பதைத்தானே சமைக்க வேண்டும்? காலையில் ரொட்டி, பின்னேரம் வடை. மலைநாட்டுக் குளிருக்கு அடுப்பில் கேத்தல் இறங்குவதே இல்லை. நேரம் போகாமல் ஒரு கோப்பை, பேச்சுத் துணைக்கு ஒரு கோப்பை, செய்தி பார்க்கும்போது ஒரு கோப்பை.

ஜூலையில் கிளினிக் தராசில் ஏறினால் 74 கிலோ! "நான் வழமையாகச் சாப்பிட்டதைத்தானே சாப்பிட்டேன்?" என்று கேட்கத் தோன்றியது. வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 5 கிராம், அதில் 20 கலோரி. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி. நாளைக்கு நான்கு கோப்பை கூடுதல் என்றால் 160 கலோரி. நின்றுபோன அரை மணி நேர நடை சுமார் 100 கலோரி. இரண்டும் சேர்ந்து 260. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. அப்படியானால் மாதத்துக்கு ஒரு கிலோ. உடம்பு கடையின் கணக்குப் புத்தகம் போல அவ்வளவு நேராக நடப்பதில்லைதான். ஆனாலும் சோற்றில் ஒரு பிடிகூடக் கூடாமல் மூன்று கிலோ ஏறக்கூடும் என்பது அன்று விளங்கியது.

இடையில் வந்த நோன்பு மாதத்தில் பகல் தேத்தண்ணீர் நின்றது. ஆனால் மற்ற வருடங்களில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும் சமோசாவும் கட்லட்டும் அந்த வருடம் வாசலைத் தாண்டவில்லை. பொரித்ததெல்லாம் வீட்டாருக்கே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதென்று தாய்மார் வாயில் போட்டுக்கொள்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுவதும் தொளதொள கவுனில் இருப்பவளுக்கு இடுப்பு பெருப்பது தெரிவதுமில்லை. சாரிச் சட்டைதான் சொல்லும். அதை உடுத்த அப்போது கல்யாண வீடுகள் ஏது?

தேயிலைத் தொழிலை நிறுத்தாததால் எதிர் மலையில் தோட்டத்துப் பெண்கள் அப்போதும் கொழுந்து பறித்தார்கள். "அவங்களைப் போல மலையேறினால் நாமளும் மெலிவோம்" என்றார் என் மச்சி. மலையேறுவது நல்லதுதான். ஆனால் அந்தப் பெண்களில் பலரின் மெலிவுக்குப் பின்னால் இரத்தச்சோகையும் போதாத உணவும் இருக்கின்றன. மெலிவது வேறு, சுகமாக இருப்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

2021இல் ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடி நாடு மூடப்பட்டது. அப்போது 72 கிலோவில் இருந்தேன், அதே 72இல் வெளியே வந்தேன். செய்தவை சின்னச் சின்ன வேலைகள்தாம். கேத்தலுக்கு இரண்டு நேரம் குறித்தேன். மற்ற நேரம் சுடுதண்ணீர். சீனியை வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறைத்தேன். மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்து நிமிடம் முற்றத்திலும் படியிலும் நடந்தேன். சாப்பாட்டுக்குப் பிந்திய நடை இரத்தத்தில் சீனி ஏறுவதையும் மட்டுப்படுத்தும். வாரம் ஒருமுறை அளவு நாடாவால் இடுப்பை அளந்தேன். நம் நாட்டவருக்குப் பெண்களென்றால் 80, ஆண்களென்றால் 90 சென்ரிமீற்றர் தாண்டாமல் இருப்பது நல்லது. எனக்கு இன்னும் அந்த அளவு வரவில்லை, ஆனால் கூடவுமில்லை. முக்கியமாக, வீட்டிலுள்ள எல்லோருக்கும் அதே சமையலைச் செய்தேன். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அடைந்திருக்கும்போது ஒருத்தி மட்டும் தனியாகப் பத்தியம் இருக்க முடியாது.

ஊரடங்கு போய்விட்டது. ஆனால் நம் பெண்களுக்கு வீட்டோடு இருக்கும் காலங்கள் இன்னும் உண்டு. பிள்ளை பெற்ற நாற்பது நாள், நான்கு மாதம் பத்து நாள் இத்தா, படுக்கையில் இருக்கும் மாமியைப் பார்க்கும் மாதங்கள், விடாமல் பெய்யும் மழைக்காலம். அந்த வீடுகளுக்குப் போகும் நாம் கேக்கும் பிஸ்கட்டும் கொண்டுபோகிறோம். அடுத்த முறை கொஞ்சம் பழமோ காய்கறியோ கொண்டுபோவோம். பிள்ளையை அல்லது நோயாளியை அரை மணி நேரம் நாம் பார்த்துக்கொண்டு, அந்தச் சகோதரியை முற்றத்திலாவது நடந்துவிட்டு வரச் சொல்வோம்.