பத்து நிமிஷம்

பெருமாளே வந்து படுத்துவிட்ட ஊர் பள்ளிகொண்டா. பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் நிம்மதியாகச் சயனித்திருக்கிறார். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு மட்டும் அந்த நிம்மதி கிடையாது. யாராவது விடியற்காலையில் பிரயாணம் என்றால், நடுநிசிக்கே அடுப்பு மூட்டிவிடுவாள்.

2025 மார்ச் மாதம். சென்னையில் காலை 6.45-க்கு எனக்கு டில்லி விமானம். 150 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். கார் 1.30-க்கே வாசலில் வந்து நின்றது. மூக்குக் கண்ணாடியைத் தேடியே நான் நாற்பது நிமிஷத்தைத் தொலைத்தேன்.

“நாலு இட்லி கட்டியிருக்கேண்டா” என்றாள் அக்கா.

“விமான நிலையத்தில் கிடைக்காத இட்லியா? பொட்டலமும் கையுமாக என்னால் போகமுடியாது” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

கார் ஓட்டியவன் எதிர்வீட்டுப் பையன். அவன் தகப்பனார் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்தவர். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியபோது மணி 4.20.

“சார், ஒரு பத்து நிமிஷம் நிறுத்தட்டுமா? சஹர் செய்யணும்” என்றான்.

அது ரம்ஜான் மாதம். நோன்பு வைப்பவர்கள் கிழக்கு வெளுக்குமுன் உண்டு முடிக்கவேண்டும். பிறகு சூரியன் மறையும்வரை பச்சைத் தண்ணீரும் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும், “விமானம் நமக்காக நிற்காது, தம்பி. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. வழியில் லாரிகளின் நெரிசல். ஓரிடத்தில் வண்டி தேங்கி நின்றபோது அவசரமாய் நாலு வாய் தண்ணீர் குடித்தான். சற்றைக்கெல்லாம் எங்கிருந்தோ பாங்கு ஒலித்தது.

விமான நிலையத்தில் இறங்கும்போது என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். “அம்மா கொடுத்தாங்க. நீங்க வேணாம்னு சொல்வீங்களாம், ஆனா பசிக்குமாம்.”

முன் ஆசனத்தில் அதே மாதிரி இன்னொரு பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது.

“அது?”

“என் சஹருக்குக் கட்டினது, சார். பரவாயில்லை, தண்ணி குடிச்சுட்டேன்.”

உள்நாட்டு முனையத்தில் ‘உடான் யாத்ரி கஃபே’ என்ற மலிவுவிலைச் சிற்றுண்டிக்கடையை அந்தப் பிப்ரவரி 27-ஆம் தேதிதான் திறந்திருந்தார்கள். டீ 10 ரூபாய், காப்பி 20, சமோசா 20. விமான நிலையத்துக் காப்பி விலையைக் கேட்டுத் தலைசுற்றியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். நானும் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. வாழை இலையின் மணம் வேறு. பொட்டலத்தோடு வரக் கூசியவன், பத்துப் பேர் பார்க்க அதைத் தின்றேன். ஆனால் ஒவ்வொரு விள்ளலும் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது. அக்காவுக்கு இரண்டு பேர் பசியும் ஞாபகம் இருந்தது. எனக்கோ என் விமானம் ஒன்றுதான் ஞாபகம்.

அப்போதுதான் அறிவித்தார்கள்: டில்லி விமானம் ஒரு மணி நேரம் தாமதம்.

அவன் கேட்டது பத்தே நிமிஷம்!

மாலையில் டில்லியிலிருந்து டெலிபோன் செய்தேன். “நோன்பு திறந்தாச்சா, தம்பி?”

“ஆச்சு, சார். கஞ்சி குடிச்சேன்.”

“காலையில் நான்...” என்று ஆரம்பித்தேன்.

“அதை விடுங்க சார். விமானம் கிடைச்சுதா?” என்று கேட்டான். அந்தக் கவலை அவனுக்குப் பகல் முழுவதும் இருந்திருக்கிறது.

“கிடைத்தது, அப்பா” என்றேன். அது தாமதமாய்ப் புறப்பட்டதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.