அரையாண்டுக் கணக்கு

நம் சீமையில் வருஷத்துக்கு இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு. ஒன்று சர்க்கார் பஞ்சாங்கம். அதன்படி ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். செப்டம்பரில் காலாண்டுப் பரீட்சை, டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை, வெயில் ஏறும் சமயத்தில் பொதுப் பரீட்சை. மற்றொன்று பட்டாசுப் பஞ்சாங்கம். அது ஒரு தீபாவளியில் முடிந்து அடுத்த தீபாவளியை நோக்கிப் புறப்படுவது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்துப் பிள்ளைகள் இவ்விரண்டுக்கும் ஒரே சமயத்தில் கட்டுப்பட்டவர்கள். இந்த வட்டாரத்துச் சர்க்கார் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞான பாடம் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயர் நாம். இருபது வருஷ காலமாக இரண்டு பஞ்சாங்கங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மாணாக்கர்களின் முகத்தைப் பார்த்து வருகிறோம்.

வெளியூர் நேயர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் ஓய்ந்து கிடக்கும். பிறகு மெள்ளத் தொடங்கி, கோடையில் சூடு பிடித்து, ஆடி பிறந்துவிட்டால் மூச்சு விட நேரமிராது. கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு; செய்த உருப்படிக்குக் காசு. ஆகையால் ஆவணி, புரட்டாசி மாதங்களில் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நிற்பது என்பது தீபாவளிப் புடவையில் ஒரு முழத்தை வெட்டிக் கொடுப்பதற்குச் சமானம். பொழுது நன்றாக விடிவதற்குள் வேன் கிராமத்துக்குள் வந்து நிற்கும். தாயும் தகப்பனும் ஏறிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டில் மூத்த பெண் எவளோ அவளே தாய். தண்ணீர் பிடிப்பதும், தம்பியைக் குளிப்பாட்டி அனுப்புவதும், காய்ச்சலென்று பாட்டி படுத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பதும் அவள் பொறுப்பு. சரியாக அந்தச் சமயம் பார்த்துக் காலாண்டுப் பரீட்சை வரும்.

டிசம்பரில் நிலைமை வேறு. பெற்றோர் வீட்டில் இருக்கிறார்கள், போனஸ் பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, வகுப்பு நிரம்பியிருக்கிறது. செப்டம்பரில் வருகைப் பதிவேட்டில் சிதறிக் கிடந்த சிவப்பு மை டிசம்பரில் கண்ணில் படுவதில்லை. மார்க்கும் அதற்கேற்ப உயர்கிறது. ஹெட்மாஸ்டர் அறைச் சுவரில் காலாண்டுக்கு ஒரு கம்பமும் அரையாண்டுக்கு அதைவிட உயரமாக ஒரு கம்பமும் வரைந்து மாட்டியிருக்கிறோம். பார்வையிட வரும் அதிகாரிகள் அதைக் கண்டு, "விசேஷப் பயிற்சி நன்றாகப் பலன் கொடுத்திருக்கிறது" என்று மெச்சுகிறார்கள். அந்த உயர்வில் பாதி தீபாவளிக்குச் சேர வேண்டியது என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

விருதுநகர் ஜில்லாவுக்குப் பரீட்சை விஷயத்தில் பெரிய பெயர் உண்டு. 2018-ஆம் வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் 97.05 சதவிகிதம் தேர்ச்சி பெற்று இராஜ்யத்திலேயே முதலிடத்தில் நின்றது. அதே 2018-இல் மத்திய சர்க்கார், பின்தங்கிய ஜில்லாக்களைத் தெரிந்தெடுத்து 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பெற்றவை இரண்டே: இராமநாதபுரம் ஒன்று, விருதுநகர் ஒன்று. படிப்பில் முதல் ஜில்லா. பின்தங்கியவற்றிலும் ஒரு ஜில்லா. வேடிக்கைதான். ஆனால் இந்த வட்டாரத்தில் சாக்குக்கட்டி பிடித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சதவிகிதம் என்பது என்ன? பரீட்சை எழுதினவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான். நூறு பேர் எழுதித் தொண்ணூற்றேழு பேர் தேறினால் மூன்று பேருக்காக வருந்துகிறோம். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட பிள்ளை எந்த நூற்றிலும் சேருவதில்லை. அவனுக்காக வருந்துவதற்கு எந்தப் பத்திரிகையிலும் இடமில்லை. சில இடங்களில், தேறமாட்டான் என்று தோன்றும் மாணாக்கனைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி நயமாக வெளியே அனுப்பிவிடுவதும் நம் காதுக்கு எட்டியிருக்கிறது. இதைவிட எளிதாகச் சதவிகிதத்தை உயர்த்த வழியில்லை. நம்மைக் கேட்டால், அரையாண்டில் பார்க்க வேண்டிய முதற் கணக்கு மார்க்கு அல்ல. ஜூனில் பெஞ்சியில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் டிசம்பரிலும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான்.

இந்தக் கணக்கை விருதுநகர் அறியாததல்ல. அவ்வூர்ப் பெருமக்கள் வீட்டுக்கு வீடு பிடி அரிசி தண்டிப் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள். அப்படி நடந்த க்ஷத்திரிய வித்தியாசாலையில் படித்து, ஆறாம் வகுப்போடு நின்று, மாமன் ஜவுளிக்கடைக்குப் போன ஒரு பையன்தான் 1954-இல் சென்னை இராஜ்யத்தின் முதன்மந்திரியானார். காமராஜர் பிறந்த ஜூலை 15-ஆம் தேதியைப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். பேச்சுப் போட்டி நடத்தி மிட்டாய் கொடுக்கும் அந்த வாரத்திலேயே நம் வகுப்பில் பிள்ளைகள் குறைய ஆரம்பிப்பதும் வழக்கம்.

காலம் மாறவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். விடியுமுன் பஸ்ஸில் அள்ளிக்கொண்டு போய்க் குழந்தைகளைத் தீப்பெட்டி ஆலைகளில் இறக்கிய நாட்களைப் பற்றி இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பர் 10-ஆம் தேதி தீர்ப்புச் சொல்லி, அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று விதித்தது. 2016-இல் வந்த திருத்தம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களை வெடிமருந்து வேலையிலிருந்து விலக்கியது. நம் வகுப்புப் பிள்ளைகள் இன்று ஆலை வாசலில் நிற்பதில்லை. இது சாமானிய வெற்றியல்ல. ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே! காகிதக் குழாய் சுருட்டும் வேலை ராத்திரியில் வீடு தேடி வருகிறது. திங்கட்கிழமை காலையில் நோட்டைத் திருப்பும் சில விரல்களில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

மார்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த அரையாண்டில் நம் பாடத்தில் தேறாதவர்களில் ஒருவன் கடைசி பெஞ்சிப் பையன். பேரியம் குளோரைடுக் கரைசலில் சோடியம் சல்பேட்டைச் சேர்த்தால் வெண்மையாக வீழ்படிவு உண்டாகும் என்று நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவன் எழுந்து, "பேரியம்னா பச்சை உப்புத்தானே, சார்?" என்று கேட்டான். பச்சை உப்பு என்பது பேரியம் நைட்ரேட்டுக்கு ஆலையில் வழங்கும் பெயர். பச்சை வெளிச்சத்துக்கு அது, சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மருந்து அறையில் இரும்புச் சாமான் ஏன் கூடாது, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் ஏன் இருக்கக் கூடாது என்றெல்லாம் மடமடவென்று சொன்னான். வகுப்பு வாயைப் பிளந்தது. நமக்குச் சந்தோஷம் ஒரு கணம். திகில் மறு கணம்.

"இதெல்லாம் உனக்கு யாரப்பா சொன்னது?"

"எங்க மாமா சொல்லுவாக, சார்."

அவன் கையை வாங்கிப் பார்த்தோம். சுத்தமாகத்தான் இருந்தது. மனம் முழுச் சமாதானம் அடைந்ததென்று சொல்லமாட்டோம். அவனுடைய விடைத்தாளை எடுத்துப் பார்த்தால் வேறொரு சங்கதி வெளியாயிற்று. வாயால் சொன்னதில் கால்வாசிகூட எழுத்தில் இல்லை. வினாவை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. தொடக்க வகுப்புகளில் எப்போதோ விட்டுப்போன நாட்கள் பத்தாம் வகுப்பில் வந்து வட்டி கேட்கின்றன. இவனுக்கு வேண்டியது விஞ்ஞான பாடத்தில் விசேஷப் பயிற்சியன்று. தமிழில் தினந்தோறும் அரைமணி நேரம் படிப்பும் எழுத்தும். நம் தமிழாசிரியர் சாயங்காலத்தில் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். கம்பம் வரைந்தால் இது தெரியாது.

பசியும் ஒரு பாடமாகவே இருக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். மத்தியான உணவு பத்தாம் வகுப்பு வரையில் உண்டு. ஆகவே நாலாம் வகுப்புத் தம்பி காலையில் சாப்பிட்டுவிட்டு உட்காருகிறான்; அவனைக் கொண்டுவந்து விட்ட ஒன்பதாம் வகுப்பு அக்காள் மத்தியானம் வரை வெறும் வயிறு. பதினோராம் வகுப்பு ஏறிவிட்டால் மத்தியானத் தட்டும் கிடையாது. பதினாறு வயதில் பசி குறையுமென்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறதோ தெரியவில்லை. முதல் இரண்டு பீரியடில் கணக்கும் விஞ்ஞானமும் வையாதிருக்கும்படி ஹெட்மாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தோம். அவரும் கால அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்ததும், நவம்பரில் ஆலைகள் அடைபட்டுச் சில மாதம் கிடந்தன. அந்த டிசம்பரில் வகுப்பு நிரம்பி வழிந்தது. பெற்றோரும் வீட்டில் இருந்தார்கள். ஆனால் பகல் மணி அடித்தபோது சாப்பாட்டு வரிசையில் ஓடிய ஓட்டத்தை நாம் மறக்கவில்லை. வருகை நிறைந்ததாலேயே வயிறும் நிறைந்ததாக எண்ணக் கூடாது.

இந்த வருஷம் கபடியில் நம் பெண்கள் நன்றாக ஆடினார்கள் என்பதையும் சொல்லிவிட்டு, ஒரு பெண்ணின் விஷயத்துக்கு வருகிறோம். பத்தாம் வகுப்பு. ஆடியிலிருந்து ஐப்பசி வரை பாதி நாள்தான் வந்தாள். அரையாண்டிலோ எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் வகுப்பில் மூன்றாவதாக நின்றாள். பெற்றோர் கூட்டத்துக்குத் தாயார் வந்தாள். மார்க்குச் சீட்டை நெடுநேரம் பார்த்தாள். காதோரத்தில் அலுமினியப் பொடி மினுமினுத்தது.

"நல்லாத்தான் படிக்கா, சார். ஆனா தை பொறந்தா வேல கூடிரும். சின்னவன் நாலு மணிக்கு வந்து ஒத்தையில கெடக்கான். இவ வீட்ல இருந்து படிச்சுட்டுப் பரீட்சைக்கு மட்டும் வந்தாப் பத்தாதா?"

அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டி வெடி விபத்தில் முப்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் எந்தத் தாயும் தன் மகள் அந்த வேலைக்கு வரவேண்டுமென்று ஆசைப்படுவதாக நாம் கேட்டதில்லை. ஆசை வேறு; நாலு மணிக்கு வீட்டில் யார் இருப்பது என்பது வேறு. சர்க்கார் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் காலேஜில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவதை (2022-இலிருந்து வருகிறது) எடுத்துச் சொன்னோம். ஆயிரம் ரூபாய்க்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது என்று அவள் விரலை மடக்கிக் காட்டினாள். வாஸ்தவந்தானே!

கடைசியில் பையன் விஷயத்தைத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. தொடக்கப் பள்ளி விட்டதும் அவன் நேரே நம் வகுப்புக்கு வந்து பின் பெஞ்சியில் உட்காருவது, ஐந்தரை மணிக்கு அக்காளுடன் வீட்டுக்குப் போவது என்று பேசினோம். ஹெட்மாஸ்டர், "விதியில் இதற்கு இடமுண்டா?" என்று கேட்டார், விதியில் தடை இருப்பதாகவும் தெரியவில்லையென்று சொன்னோம். சம்மதித்தார்.

இப்போது சிறுவன் தினமும் வருகிறான். கடைசி பெஞ்சிப் பையனுக்கு அவன் பக்கத்து இடம். இருவரும் ஒரே வாசகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நாம் உற்றுக் கவனிப்பதில்லை. முதல் திருப்புதல் பரீட்சை முடிந்திருக்கிறது. அக்காளின் பெயருக்கு எதிரே தை மாதத்தில் இதுவரை சிவப்பு மை விழவில்லை. பொதுப் பரீட்சைக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.