ஆறு மணி விசில்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும்தானே ஞாபகம் வரும்? அக்டோபர் வாக்கில் ஊர்ப்பக்கம் ஒரு விருந்தாளியும் வருகிறார் ஸார். பெயர் ஆறுமணிக் குருவி!

மழைக்காலத்தில் இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குளிருக்குத் தெற்கே வந்துவிடும். சில இலங்கைக்கே போய்விடும். கோடையில் ரிட்டர்ன். காலை ஆறு, மாலை ஆறு சுமாருக்கு இரண்டு சுரத்தில் ஒரு விசில். பெயர்க் காரணம் அதுதான். உங்கள் ஆபீஸில் இத்தனை பங்க்சுவலான ஆசாமி உண்டா?

அடையாளம் சுலபம். மைனாவைவிடச் சின்ன உடம்பு, குட்டை வால். கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலடியில் சிவப்பு. இந்தியில் 'நவ்ரங்', அதாவது ஒன்பது நிறம்! நீலத்தைப் பார்த்து மீன்கொத்தி என்பார்கள். மீன்கொத்தி கம்பியில் உட்காரும். இவர் மர நிழலில், தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் பூச்சி தேடுவார். சிறுமலைக்கு பஸ் ஏறினால், சத்தம் போடாமல் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பயணம் ராத்திரியில். களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி, வீட்டுக்குள்ளேயே விழுவதும் உண்டு. அழகாயிருக்கிறதே என்று கூண்டில் போட்டால் அது சட்டப்படி குற்றம். காற்றோட்டமான அட்டைப் பெட்டியில், பூனைக்கு எட்டாமல் வையுங்கள். விடிந்ததும் மரங்கள் பக்கம் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் பூட்டு பீரோவுக்கு இருக்கட்டும். இந்த விருந்தாளிக்கு வேண்டாம், பிளீஸ்!