நல்ல வாக்கு

சோதிடன் என்றால் அச்சுறுத்துபவன், ஏழரைச் சனி என்பான், கண்டம் என்பான், கழிப்புக் கழிக்கக் கருங்கோழி கேட்பான் என்று நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம், ஏடுதோறும் எழுதியிருக்கிறோம். பொய்யில்லை. ஆனால், தோழர்களே, இன்று நான் எழுதப் புகுவது அத்தகைய ஆளைப் பற்றியன்று. தம் வாழ்நாளில் எவரிடமும் ஒரு கெட்ட சொல் சொல்லியறியாத சோதிடர் ஒருவரைப் பற்றி! எங்கள் ஊர் வள்ளுவர் வீட்டுப் பெரியவர் அவர். அவரால் நான் ஓர் இரவு அமைதியாக உறங்கினேன்; அவரால் என் அக்காள் ஆறு ஆண்டுகளை இழந்தாள். இரண்டும் ஒரே நாவிலிருந்து வந்த நல்ல வாக்கின் விளைவுகள்தாம்.

முதலில் அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன். 1962, பிப்ரவரித் திங்கள். எனக்குப் பதினோரு வயது. 3-ஆம் நாள் தொடங்கி 5-ஆம் நாள் முடிய மகர ராசியில் எட்டுக் கோள்கள் கூடுகின்றனவாம். உலகம் அழியப் போகிறதாம்! ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என ஏழு. எட்டாவது யார் என்றால், உருவமே இல்லாத கேது! இல்லாத ஒருவரையும் ஆளாக எண்ணிக் கணக்கை எட்டாக்கினார்கள், எட்டானதும் நடுங்கினார்கள். வடநாட்டு நகரங்களில் மாபெரும் யாகங்கள் நடந்தன. பிள்ளைக்குக் கிட்டாத நெய் நெருப்புக்குக் கிட்டியது. பிரதமர் நேரு இந்த அச்சத்தை எள்ளி நகையாடினார்; எங்கள் தெருவில் நகைப்பதற்கு எவருக்கும் நெஞ்சுரம் இல்லை. என் தாயார் சேமித்து வைத்திருந்த வெல்லத்தையெல்லாம் எடுத்துப் பாயசம் காய்ச்சினார். உலகமே முடியப் போகிறது, பிள்ளைகளாவது வயிறார உண்ணட்டும் என்று! அந்தப் பாயசத்தின் இனிப்பும் அதைப் பரிமாறிய கையின் நடுக்கமும் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.

(அதே பிப்ரவரியில்தான் பொதுத் தேர்தலும் நடந்தது. உலகம் அழியப் போகிறதே, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த வேட்பாளரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.)

அன்று மாலை பெரியவர் தெருத்தெருவாக வந்தார். வந்தார் என்றா சொன்னேன்? வந்து நின்றார்! எட்டுக் கோள்களையும் விரல்நுனியில் வைத்திருந்த அவருக்கு எங்கள் திண்ணையில் இடம் கிடையாது. முற்றத்தில் நின்றுதான் பேசவேண்டும். காசு கொடுத்தால் அவர் விரித்துப் பிடித்த துண்டில் மேலிருந்து போடுவார்கள். அவர் வாக்கு வேண்டும், அவர் கை படக்கூடாது! இந்தக் கொடுமையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். அவர் என் தாயாரிடம் சொன்னது இது:

"கலியாணத்துக்கு எட்டு உறவுக்காரர் ஒரு வீட்டிலே கூடினால் என்ன அம்மா நடக்கும்? சாப்பிடுவார்கள், சண்டை போடுவார்கள், மூன்றாம் நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்."

என் தாயார் சிரித்தார். மூன்று நாட்களுக்குப் பிறகு சிரித்தார்! நான் உறங்கினேன். 6-ஆம் நாள் காலையில் கதிரவன் எழுந்தான். நான் பள்ளிக்கூடம் போனேன். கணக்கு வாத்தியாரிடம் அடியும் வாங்கினேன். அதே மாதம் 20-ஆம் நாள் ஜான் கிளென் என்ற அமெரிக்கர் விண்கலத்தில் ஏறி இந்த உலகை மும்முறை சுற்றி வந்தார். அழியப் போவதாகச் சொல்லப்பட்ட உலகம் எவ்வளவு அழகாக உருண்டையாக இருக்கிறது என்று மேலிருந்து பார்த்துவிட்டு வந்தார்!

ஆகவே பெரியவர்மீது எனக்கு அன்பு உண்டு. அதை மறைத்து எழுதினால் அது நேர்மையாகாது.

இனி அக்காளின் கதை. 1964-இல் அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துக் கடிதமும் வந்தது. அதற்குள் பக்கத்து நகரத்துச் சோதிடர் ஒருவர் தம் வேலையைக் காட்டிவிட்டிருந்தார். ஏழாம் வீட்டில் செவ்வாயாம். இவளைக் கொண்டவன் உயிர் தரிக்கமாட்டானாம்! பதினேழு வயதுப் பெண்ணை, ஒரு பூனைக்குட்டி செத்தால் இரண்டு நாள் சோறு உண்ணாத பெண்ணை, கொலைகாரி ஆக்கிவிட்டது ஒரு கட்டம்! கேட்டு வந்த இரண்டு வரன்கள் கலைந்தன. தாயார் அழுதுகொண்டே வள்ளுவர் பெரியவரிடம் ஓடினார்.

பெரியவர் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். "தோஷமாவது ஒன்றாவது! வருகிற தைக்குள் மாலை விழும்."

நல்ல வாக்கு! தாயாரின் கண்ணீர் நின்றது. கண்ணீரோடு சேர்ந்து வேறொன்றும் நின்றது. தையில் திருமணம் என்றால் பயிற்சிப் பள்ளி எதற்கு? கடிதம் இறவாணத்தில் செருகப்பட்டது. தை வந்தது; மாலை வரவில்லை. தாயார் மீண்டும் போனார். "குரு பார்வை சற்றே தள்ளியிருக்கிறது, அடுத்த தைக்குத் தப்பாது." அடுத்த தையும் வந்தது. இப்படி ஆறு தை! ஒவ்வொரு தையின்போதும் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். ஒவ்வொரு மாசியிலும் அக்காள் வாசலில் உட்கார்ந்து அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெட்ட வாக்குச் சொன்னவனையாவது ஒருநாள் வெகுண்டு விரட்டலாம். இனிக்க இனிக்கச் சொல்பவரை எப்படி விரட்டுவது?

1970-இல் நான் கல்லூரி மாணவன். படிப்பகம், சொற்பொழிவு, பகுத்தறிவு என்று நெஞ்சு நிமிர்த்தித் திரிந்த வயது. ஒருநாள் நேரே பெரியவரின் குடிசைக்கே போய்விட்டேன். எங்கள் தெருவிலிருந்து அவர் வாசலுக்குப் போன முதல் ஆள் நான்தான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அவர் எழுந்து நின்றார். அந்த வயதில் அவர் எழுந்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆயினும் கேட்டுவிட்டேன்: எந்தக் கட்டத்தைப் பார்த்து ஆறு ஆண்டுகள் சொன்னீர்கள்?

"கட்டத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது, தம்பி. நான் பார்த்தது உன் தாயார் முகத்தை. அழுதுகொண்டு வருகிறவரிடம் கட்டத்தை விரித்து நான் எதைச் சொல்ல? அதற்காக ஒரு காசு வாங்கியிருப்பேனா, கேட்டுப் பார்."

வாங்கவில்லை, அது எனக்கும் தெரியும். கிழிக்க வேண்டும் என்று சேர்த்துவைத்திருந்த சொற்களெல்லாம் தொண்டையில் சிக்கிக்கொண்டன. ஒன்றுதான் வெளியே வந்தது.

"காசு வாங்கவில்லை ஐயா, ஆறு வருஷத்தை வாங்கிக்கொண்டீர்கள்."

அவர் பதில் பேசவில்லை. நானும் நிற்கவில்லை.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டபாடில்லை. நம்பிக்கை ஊட்டுவதே குற்றமாகிவிடுமா? அப்படியானால், நாளைய உலகம் நன்றாயிருக்கும் என்று சொன்ன அறிஞர்களையெல்லாம் எங்கே வைப்பது?

பிரெஞ்சு நாட்டுக் காண்டர்செட்டை எண்ணிப் பாருங்கள். கணித மேதை, புரட்சியை வரவேற்றவர். அந்தப் புரட்சியின் ஆட்சியே 1793-இல் அவரைக் கைது செய்ய ஆணையிட்டது. பாரிசு நகரில் ஒரு கைம்பெண் நடத்திய விடுதியில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தார். வெளியே தலைகள் உருண்டுகொண்டிருந்தன. அகப்பட்டால் தம் தலையும் உருளும் என்பதை அறிந்தவர் அங்கே உட்கார்ந்து என்ன எழுதினார் தெரியுமா? ஒப்பாரியா? இல்லை! மனித அறிவின் முன்னேற்ற வரலாற்றை எழுதினார். அடிமை முறை ஒழியும், ஆணும் பெண்ணும் சமமாவர், நாடுகளிடையே ஏற்றத்தாழ்வு குறையும், மருத்துவம் வளர்ந்து மனிதனின் ஆயுள் நீளும், முதியோர்க்கும் கைம்பெண்களுக்கும் கணக்கியல் துணைகொண்டு உதவிநிதி அமைக்கலாம் என்று எழுதினார். 1794 மார்ச்சில் அங்கிருந்து வெளியேறினார், பிடிபட்டார், சிறை அறையில் பிணமாகக் கிடந்தார். நூல் மறு ஆண்டு அச்சாயிற்று. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை இறுதியாக ஒழிந்தது 1848-இல். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை கிட்டியது 1944-இல். நூற்றைம்பது ஆண்டுகள்! "வருகிற தைக்குள்" என்று அவர் சொல்லவில்லை. கல்வி பரவினால், சட்டம் திருந்தினால், ஆராய்ச்சி தொடர்ந்தால் வரும் என்றார். அந்த "ஆல்" விகுதியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பெரியவரின் வாக்கில் அந்த விகுதி இல்லை. என் தாயார் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர.

வங்கத்து அம்மையார் பேகம் ரொக்கையாவும் கனவு கண்டார். 'சுல்தானாவின் கனவு' என்ற அவருடைய கதை 1905-இல் வெளியானது நம் சென்னையிலிருந்து வந்த ஒரு மகளிர் இதழில்தான். ஆடவர் வீட்டுக்குள் அடைந்திருக்கப் பெண்கள் ஆளும் நாடு அது. கதிரவன் வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், வானூர்தியில் பறக்கிறார்கள், முகிலிலிருந்து நீர் இழுக்கிறார்கள். எப்படி வந்தது இவ்வளவும்? எந்தக் கோளின் பார்வையாலும் அன்று; பெண்களுக்கெனப் பல்கலைக்கழகங்கள் எழுந்ததால்! எழுதியவர் எழுதியதோடு நின்றாரா? 1911-இல் கல்கத்தாவில் எட்டே எட்டுச் சிறுமிகளை வைத்துப் பள்ளி தொடங்கினார். எட்டுக் கோள்கள் கூடி ஒன்றும் நடக்கவில்லை. எட்டுச் சிறுமிகள் கூடியதால் ஒரு தலைமுறைக்கே எழுத்து வந்தது.

பெரியார் 1940-களில் 'இனி வரும் உலகம்' பேசியபோது சிரித்தவர்கள் உண்டு. ஒவ்வொருவரிடமும் கம்பியில்லாத் தந்திச் சாதனம் இருக்கும், ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளை பிறக்கும் என்றால் எவர் சிரிக்கமாட்டார்? 1978-இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. தொலைபேசியைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. இன்று சோதிடரும் அதில்தான் சாதகம் பார்க்கிறார்!

அக்காளிடம் குடிசையில் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து இறவாணத்திலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்தாள். பாதியைக் கறையான் தின்றிருந்தது. அதைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டு, என் பேனாவை வாங்கி அவளே புதிய விண்ணப்பம் எழுதினாள்.

பயிற்சிப் பள்ளிக்குப் புறப்பட்ட நாள் திங்கட்கிழமை. பஸ் எட்டு மணிக்கு. ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம்! தாயார் பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். நான் வாதாடினேன். பகுத்தறிவு பேசினேன். ஒன்றும் பலிக்கவில்லை. அப்போது ஆலமரத்தடியில் பெரியவர் வந்துகொண்டிருந்தார். தாயார் ஓடிப்போய்க் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர் பஞ்சாங்கத்தைப் பிரிக்கவே இல்லை. "பஸ் வருகிற நேரம்தான் அம்மா நல்ல நேரம். ஏறச் சொல்லுங்கள், போய்விடப் போகிறது" என்றார்.

என் சொல் அவருக்குத் தைத்ததா, அல்லது வழக்கம்போல முகம் பார்த்துச் சொன்னாரா, இம்முறை அக்காளின் முகத்தை? கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்குமுன் அவர் மறைந்துவிட்டார். பகுத்தறிவாளனாகிய நான் தோற்ற இடத்தில் ஒரு சோதிடரின் வாக்கு வென்றது என்பது எனக்கு இன்றும் சற்று உறுத்தல்தான்.

அக்காள் ஆசிரியை ஆனாள். 1976-இல் உடன் பணியாற்றிய ஆசிரியரைச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டாள். அந்த முறைக்கு 1967-இலேயே அண்ணாவின் ஆட்சி சட்ட ஏற்புத் தந்துவிட்டது. சாதகம் பார்க்கவில்லை. 2005-இல் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள்.

2014 செப்டம்பர் 24-ஆம் நாள் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. திட்ட இயக்குநர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன். மறுநாள் நான் அக்காள் வீட்டில் இருந்தேன். அந்தக் கலம் அனுப்பிய படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அக்காள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இதுதானா அது? வறண்ட ஏரி மாதிரி அல்லவா இருக்கிறது" என்றாள்.

உள்ளேயிருந்து எழுபது வயது அத்தான் காப்பி கேட்டார்.

"நேற்றுப் போட்டது நான்; இன்று உங்கள் முறை" என்று சொல்லிவிட்டு, அக்காள் மீண்டும் படத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.