நான் தாண்டிப்போன வரிகள்

ரோமாபுரியின் குடிநீர், சாக்கடை ஏற்பாடுகளைப் பற்றிப் பொறியியல் கல்லூரியில் பல ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறேன். பாடத்திட்டத்தில் அது கிடையாது. ஆசையால் நானே சேர்த்துக்கொண்டது. அந்த வகுப்பில் ஒரு செய்தியைத் தெரிந்தே மறைத்து வந்தேன். படிக்காததால் விட்டுப்போயிற்று என்று சொல்லித் தப்ப முடியாது. பழைய நூல்களின் மொழிபெயர்ப்புகள் என் மேசை மேலேயே இருந்தன. வகுப்புக்கு வேண்டியது எந்தப் பக்கத்தில் முடிகிறது, வேண்டாதது எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பது எனக்கு மனப்பாடம்.

சொன்னவை எல்லாம் உண்மைதான். கி.மு. 312இல் அப்பியஸ் கிளாடியஸ் ரோமுக்கு முதல் நீர்க்கால்வாயைக் கொண்டுவந்தார். சுமார் 16 கிலோமீட்டர், ஏறக்குறைய முழுவதும் மண்ணுக்கடியில். கி.பி. 97இல் ஃப்ரான்டினஸ் நகரின் நீர்த்துறைக்குத் தலைவராக வந்தபோது 9 கால்வாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் சரிவை மட்டுமே நம்பி ஓடியவை. பிரான்சில் நீம் நகருக்குப் போன கால்வாயின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஊற்றுக்கும் நகருக்கும் உள்ள மட்ட வித்தியாசம் 20 மீட்டர்கூட இல்லை. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். மாணவர்களுக்கும் சிலிர்க்க வேண்டும் என்று விரும்பினேன். ஃப்ரான்டினஸ் தன் நூலில் ஓரிடத்தில், பயனற்றுக் கிடக்கும் எகிப்தியப் பிரமிடுகளை எங்கள் கால்வாய்களோடு ஒப்பிட முடியுமா என்ற பொருளில் பெருமைப்படுகிறார். அந்த இடத்தை ஆண்டுதோறும் வாசித்துக் காட்டுவேன்.

அதே நூலின் பிற்பகுதியில் ஆட்கணக்கு வருகிறது. கால்வாய்களைப் பராமரிக்க, பேரரசர் அகஸ்டஸின் தளபதியான அக்ரிப்பா சொந்தமாக ஓர் அடிமைக் கூட்டத்தை வைத்திருந்தார். அவர் இறந்தபோது அது உயில்படி அகஸ்டஸுக்குப் போயிற்று. அகஸ்டஸ் அதை அரசுடைமையாக்கினார். 240 பேர். பிறகு பேரரசர் கிளாடியஸ் தன் பங்குக்கு 460 பேரைச் சேர்த்தார். மொத்தம் 700 மனிதர்கள். மேற்பார்வை செய்பவர்கள், நீர்த்தொட்டிக் காவலர்கள், கால்வாய் நெடுக நடந்து பார்ப்பவர்கள், கல் பாவுகிறவர்கள், பூச்சு வேலைக்காரர்கள் என்று பிரித்துச் சொல்கிறார் ஃப்ரான்டினஸ். தண்ணீரோடு வரும் வண்டல் சில இடங்களில் ஓடு போல இறுகி வழியைக் குறுக்கிவிடும் என்றும் எழுதுகிறார். இறுகியதை யாராவது உள்ளே போய் உடைத்தெடுத்தால்தான் தண்ணீர் ஓடும். மேற்பார்வையாளர்களின் தயவில் இந்த ஆட்கள் தனியார் வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதைக் கண்டுபிடித்து, அன்றன்றைய வேலையை முன்கூட்டியே எழுதிவைத்து, முடிந்ததைப் பதிவு செய்யும் முறையை அவர் கொண்டுவந்தார். நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதைக்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த 700 பேரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

ரோமின் கட்டுமானம் முழுவதும் அடிமை உழைப்பில் எழுந்ததல்ல. ஒப்பந்தக்காரர்கள் இருந்தார்கள், கூலிக்கு வேலை செய்த குடிமக்கள் இருந்தார்கள். நீர்த்துறை அடிமைகளுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து செலவு செய்தார்கள். சுரங்கங்களில் மடிந்தவர்களை விட அவர்கள் நிலை மேல். இந்த உண்மைகளும் எனக்குத் தெரியும். முழுப் படத்தையும் வைத்துவிட்டு இவற்றைச் சொல்லியிருந்தால் நேர்மை. நான் இவற்றை என் மௌனத்துக்கு முட்டுக்கொடுக்கவே பயன்படுத்தினேன்.

அதைவிடப் பெரிய தவறு சாக்கடை விஷயத்தில் செய்தது. க்ளோவாகா மாக்ஸிமா என்ற பெருஞ்சாக்கடை, ஃபோரம் என்ற நகரச் சதுக்கம் இருந்த சதுப்பு நிலத்தை வடித்து டைபர் நதியில் கொண்டுவிட்டது. கி.மு. 33இல் அக்ரிப்பா நகரின் சாக்கடைகளைச் சுத்தப்படுத்திவிட்டு அதற்குள் படகில் போனார் என்பது புகழ்பெற்ற கதை. மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். மூத்த பிளினியும் சாக்கடைகளை வியந்து எழுதியிருக்கிறார். அந்தப் புகழுரைக்கு நடுவிலேயே, சாக்கடையை வெட்டிய காலத்தில் வேலையின் கொடுமை தாங்காமல் மக்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்றும், அதைத் தடுக்க மன்னன் தார்க்வின் பிணங்களைச் சிலுவையில் அறைந்து, விலங்குகளும் பறவைகளும் தின்ன விட்டான் என்றும் சொல்கிறார். அது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 600 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது, கதையாகவும் இருக்கலாம். ஆனால் தன் நகரத்தைப் புகழ வந்த ஒரு ரோமானியருக்கு அதை எழுதாமல் கடக்க முடியவில்லை. எனக்கு முடிந்தது.

ஒரு வருடம், படகுக் கதை முடிந்ததும் பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சார், உள்ள இறங்கி சுத்தம் பண்ணது யாரு?”

அவன் அப்பா நகராட்சிப் பாதாளச் சாக்கடையில் ஒப்பந்தத் தொழிலாளி. உதவித்தொகை விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவன் என்ற முறையில் எனக்கு அது தெரியும். அவன் ஏன் கேட்கிறான் என்பதும் அந்த நொடியே தெரிந்தது. “ஆள் இறங்க வேண்டிய அவசியமே இல்லப்பா. கால்வாய்ல நிரம்பி வழியற தண்ணியே சாக்கடையைக் கழுவிடும்” என்றேன். நிரம்பி வழியும் நீர் சாக்கடைகளைக் கழுவப் பயன்பட்டதாக ஃப்ரான்டினஸ் எழுதியிருப்பது உண்மை. அந்த வரிக்கும் அடிமைகளின் கணக்குக்கும் இடையே சில பக்கங்கள்தான். அதோடு நிற்காமல், குழாயில் கழிவு தங்காமலிருக்க விநாடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும் என்ற பாடத்துக்கு வகுப்பைத் திருப்பிவிட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

இளைய பிளினி பித்தினியா மாகாணத்தை ஆண்டபோது பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றை நான் வழக்கமாகப் பாடமாக வைப்பேன். நிகோமீடியா நகரத்தார் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட செஸ்டர்ஸ் நாணயங்களைச் செலவழித்துவிட்டுக் கால்வாயைப் பாதியில் கைவிட்ட கதை அது. திட்டம் எப்படித் தோற்கிறது என்று காட்ட அருமையான உதாரணம். அந்தத் தொகுப்பில் அதற்குச் சற்று முன்னாலேயே டிராஜனின் ஒரு பதில் இருக்கிறது. தண்டனை பெற்று முதியவர்களாகிவிட்ட கைதிகளை என்ன செய்வது என்று பிளினி கேட்டிருந்தார். தண்டனை பெற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேலான முதியவர்களைக் குளியல் கூடங்களிலும் சாக்கடை சுத்தம் செய்வதிலும் சாலை போடுவதிலும் ஈடுபடுத்துங்கள், தண்டனைக்கு நெருக்கமான வேலைகள் அவை, என்கிறார் பேரரசர். அந்த மாணவன் கேள்வி கேட்ட நாளுக்கு முன்பே அந்தப் பக்கத்தில் நான் பென்சில் கோடு போட்டிருந்தேன்.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள், தொழிலின் மேன்மையைப் பார்க்கட்டும், அதன் அழுக்கைப் பார்த்து மனம் தளர வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அழுக்கை அவன் என்னைவிட நன்றாக அறிந்தவன். பயந்தது நான். கழிவுநீர்ப் பொறியியலைக் காலமெல்லாம் கற்பித்தும் ஒரு சாக்கடைக் குழியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்ததில்லை. என் குடும்பத்தில் யாரும் பார்க்க வேண்டிய நிலை வந்ததில்லை. படத்தில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக அந்தக் குழிகளை வரையக் கற்றுக்கொடுப்பேன். அவற்றின் வழியே இறங்குபவனைப் பற்றிப் பேச வேண்டி வருமோ என்றே ரோமிலும் அவனை மறைத்தேன்.

பிறகு வகுப்பை மாற்றினேன். 240, 460 என்ற எண்களை இப்போது கால்வாயின் நீளத்துக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன். டிராஜனின் பதிலை நிகோமீடியாக் கடிதத்துக்கு முன்னால் வாசிக்கிறேன். மாற்றும்போது அவன் படிப்பை முடித்துப் போயிருந்தான். என் பழைய வகுப்புக் குறிப்புகளை அச்சிட்ட சிறு புத்தகம் நூலகத்தில் இன்னும் திருத்தப்படாமல் இருக்கிறது. அவனுக்கு நான் தர வேண்டிய பதில் இது: ஆட்கள் இறங்கினார்கள். அவர்கள் யார் என்று ரோமானியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். நீ கேட்டபோது எனக்கு அது தெரியும்.