27 படங்களோடு தேக்காவில்

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர். பழைய ஃபிலிம் கேமராக்கள் விற்கும் கடைகள் அங்கே உண்டு. தேடிப் பாருங்கள், சிங்கப்பூரிலேயே செய்த ரோலை கேமரா கண்ணில் படலாம். 1970களில் அந்த ஜெர்மானிய நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கே இயங்கியது.

பழையது வாங்கினால் பேட்டரி அறையில் துரு இருக்கிறதா, ஷட்டர் சரியாகத் திறந்து மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அவ்வளவு மெனக்கெட வேண்டாமென்றால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஃபியூஜி குயிக்ஸ்னாப் போதும். 27 படங்கள் எடுக்கலாம். ஒரு மீட்டராவது தள்ளி நின்று எடுங்கள். நிழலில் ஃபிளாஷ் போடுங்கள்.

அதோடுதான் அம்மாவைத் தேக்காவுக்கு அழைத்துப் போனேன். பஃபலோ ரோடு காய்கறிக் கடைகள், கேம்பல் லேன் பூமாலைகள் என்று எண்ணி எண்ணித்தான் எடுத்தேன். கைப்பேசியில் எடுத்தால் அம்மா உடனே வாங்கிப் பார்த்து, “நல்லாவே இல்ல, அழிச்சிடு” என்பார். அப்படி அழித்தவை எத்தனையோ! ஃபிலிமில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கழுவி வந்த படத்தில், கையில் முருங்கைக்காயோடு, கண்கள் பாதி மூடி, வாய்விட்டுச் சிரிக்கிறார்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் இப்போது முதல் படம் அதுதான்.